வாயோரம் தாழ்ந்தால் கோபம் என்று அர்த்தமா?

என் பேத்திக்கு ஐந்து வயது. நாக்பூரில் பிறந்து வளர்கிறவள். வீட்டில் தமிழ் பேசினாலும், மனத்தில் பட்டதைச் சட்டென்று கேட்க வேண்டுமென்றால் அவளுக்கு இந்திதான் வரும். ஒரு நாள் மாலை பாட்டியின் மடியில் உட்கார்ந்திருந்தவள், பாட்டியின் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, ஆப் ஹமேஷா குஸ்ஸா க்யோன் ரஹ்தீ ஹோ?" என்றாள். 'எப்போது பார்த்தாலும் ஏன் கோபமாகவே இருக்கிறீர்கள்?' என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தோம். என் மனைவியும் சிரித்தாள்.

ஆனால் அந்த வருடப் பொங்கல் விழாவில் குழுப் புகைப்படம் எடுத்தபோது அவள் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். வீடு திரும்பிய பிறகு, "என்னங்க, வாய் ரெண்டு ஓரமும் கீழே இழுத்துக்கிட்டு நிக்குதே, இதுக்கு ஏதோ ஊசி இருக்காமே?" என்று கேட்டாள். "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அதன்பின் மூன்று மாதம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோபக்காரி என்று பேர் வாங்காமலே கோபக்காரியைப் போலத் தெரிவது எவ்வளவு சங்கடம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் மருத்துவன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு, இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தச் சாமானையும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் தொடக்கூடாது என்பது எங்கள் பிரிவில் முதல் பாடம். அந்தப் பழக்கத்தில், இந்த ஊசி விவகாரத்தையும் தோல் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் கேட்டு, நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் சங்கக் குடும்பங்களில் பலருக்கும், முக்கியமாக ஐம்பதைத் தாண்டிய பெண்மணிகளுக்கு, இந்தக் கேள்வி மனத்தில் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை. இது வைத்தியம் சொல்வதற்கல்ல. டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு.

முதலில் ஓர் எச்சரிக்கை

வருடக்கணக்கில், இரண்டு பக்கமும் மெல்ல மெல்லத் தாழ்வது வேறு. ஒரே நாளில், ஒரு பக்கம் மட்டும் தொங்கிப்போவது வேறு. இரண்டாவது வகைக்கும் அழகுக்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. பனிக்காற்று பட்டிருக்கும் என்று வீட்டில் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்தார்கள். கை மரத்துப்போனதையும் படுத்த வாக்கு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாலையாகிவிட்டது. வந்திருந்தது பக்கவாதம். மூளை இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுப்பதுதான் முறை. அந்த நேரம் எண்ணெய் தடவுவதிலேயே போய்விட்டது. இன்றும் அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது.

ஆகவே வாய் திடீரென்று கோணினால், சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். 'பெல்ஸ் பால்சி' என்ற முகவாதமும் இதேபோல ஒரு பக்கத்தைத் தொங்கவைக்கும். அதில் பொதுவாக அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. மூளையில் வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி அசைவு தப்பிவிடும். ஆனால் பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை, நம் வேலை அல்ல. முகவாதத்துக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

இனிச் சொல்லப்போவதெல்லாம் இரண்டு பக்கமும் மெல்லத் தாழும் வாயைப் பற்றியே.

எது இழுக்கிறது, எது இறங்குகிறது?

மின்சாரப் பாதை ஓரத்தில் கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். சில கம்பங்களை இழுகம்பி கட்டி நிறுத்தியிருப்பார்கள். ஒரு பக்க இழுப்பும் மறுபக்க இழுப்பும் சமமாக இருக்கும்வரை கம்பம் நேராக நிற்கும். வாயோரமும் அப்படித்தான். அதை மேலே இழுக்கச் சில தசைகள் கன்னத்திலிருந்து வருகின்றன. நாம் சிரிக்கும்போது வேலை செய்பவை அவை. கீழே இழுக்க ஒரு முக்கோணத் தசை தாடை எலும்பின் விளிம்பிலிருந்து மேலேறி வாயோரத்தில் சேர்கிறது. 'டிப்ரெசர் ஆங்குலி ஓரிஸ்' என்பது அதன் பெயர். குழந்தை அழப்போகும் முன் வாயைக் கோணிக்கொள்கிறதே, அந்த வேலையைச் செய்வது இதுதான். சிலருக்கு இந்தத் தசையின் இழுப்பு இயல்பிலேயே பலமாக இருக்கும்.

இது ஒரு காரணம். இரண்டாவது, தாங்கல் குறைவது. வயதாக ஆகக் கன்னத்துக் கொழுப்பு குறைந்து கீழிறங்குகிறது. தோலின் விறைப்பு தளர்கிறது. வெயிலும் புகையிலையும் இதை வேகப்படுத்தும். வாயோரத்திலிருந்து முகவாய் நோக்கி இரண்டு கோடுகள் விழுகின்றன. பொம்மலாட்டப் பொம்மையின் வாய்க்கு இருபுறமும் இருக்கும் கோட்டைப் போல இருப்பதால் அதற்குப் பொம்மைக் கோடு என்றே மேல்நாட்டில் பெயர்.

மூன்றாவது காரணத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது பல். கடைவாய்ப் பற்கள் விழுந்து, மாற்றுப் பல் கட்டாமல் விட்டால் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே உயரம் குறைகிறது. பல் இருந்த இடத்து எலும்பும் தேய்கிறது. வாய் அளவுக்கு மீறி மூடிக்கொண்டு ஓரங்கள் மடிந்து தொங்குகின்றன. அந்த மடிப்பில் எச்சில் தேங்கி வெடிப்பும் புண்ணும் வரும்.

தண்டவாளத்தில் ஒரு ஜாயிண்ட் தாழ்ந்துபோனால் ஜல்லியை அள்ளிப்போட்டு இடித்துவிட்டால் வேலை முடிந்ததென்று புதிதாக வந்த ஆட்கள் நினைப்பார்கள். கீழே தண்ணீர் தேங்குகிறதா, மண் இளகியிருக்கிறதா என்று பார்க்காமல் இடித்த ஜாயிண்ட் அடுத்த மழைக்கு மறுபடியும் தாழும். வாயோர விஷயத்திலும் எந்த ஊசி என்ற கேள்வி இரண்டாவது. எதனால் தாழ்ந்தது என்பதுதான் முதல் கேள்வி.

முதல் ஊசி: இழுப்பைத் தளர்த்துவது

இதுதான் 'போடாக்ஸ்' என்று எல்லோரும் சொல்லும் ஊசி. அது ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். மருந்தின் பெயர் பாட்டுலினம் டாக்ஸின். ஆம், விஷம்தான். கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு நுண்ணுயிர் உண்டாக்கும் விஷம். 1820களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் யூஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், இவர் கவிஞரும்கூட, கெட்ட இறைச்சியைத் தின்றவர்களுக்கு வந்த வாதத்தை ஆராய்ந்து எழுதினார். 1895இல் பெல்ஜியத்தில் ஒரு கிராமத்துத் துக்க வீட்டில் வாசிக்கப்போன இசைக் குழுவினர் கெட்டுப்போன பன்றி இறைச்சியைச் சாப்பிட்டு நோய்வாய்ப்பட்டனர், மூவர் இறந்தனர். அதை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம் என்பவர்தான் அந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்.

இந்த விஷத்தை மருந்தாக்கியவர் சான்பிரான்ஸிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணைச் சரிசெய்ய, இழுக்கும் தசையை மட்டும் தளர்த்தினால் போதும் என்பது அவர் எண்ணம். மாறுகண்ணுக்கும், கண்ணிமைத் துடிப்புக்கும் அமெரிக்க அரசு 1989இல் இதை அனுமதித்தது. கனடாவில் கண் மருத்துவரான ஜீன் கரதர்ஸ், தோல் மருத்துவரான அவர் கணவர் அலஸ்டர் கரதர்ஸ் இருவரும் புருவ நடுவிலுள்ள கோடுகள் இதனால் மறைவதைப் பற்றி 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பயனுக்கு அமெரிக்க அனுமதி 2002இல் கிடைத்தது.

வேலை செய்யும் விதம் எளிது. நரம்பு தசையைச் சுருங்கச் சொல்ல ஓர் இரசாயனத்தை வெளிவிடுகிறது. அதை வெளிவிடாமல் இந்த மருந்து தடுக்கிறது. சிக்னல் கம்பி அறுந்த மாதிரி. சாதனம் கெடவில்லை, கட்டளைதான் வரவில்லை. கீழிழுக்கும் தசைக்குக் கட்டளை குறைந்தால், மேலிழுக்கும் தசைகளின் கை ஓங்கி, ஓரம் சற்றே எழும்புகிறது.

வாயோரத்துக்கு வேண்டிய அளவு மிகச் சிறியது. போடாக்ஸ் கணக்கில் பக்கத்துக்கு 2 முதல் 4 யூனிட் வரை வழக்கம். ஒரு கம்பெனி யூனிட்டும் மற்றொரு கம்பெனி யூனிட்டும் சமம் அல்ல. மூன்று நாளில் மாறுதல் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று, நான்கு மாதத்தில் பழைய நிலை திரும்பும். தசை இழுப்பால் வரும் தாழ்வுக்கே இது பயன்படும். தளர்ந்த தோலை இது தூக்காது.

ஆபத்து எங்கே? இந்த முக்கோணத் தசைக்குப் பக்கத்திலேயே கீழுதட்டை இறக்கும் இன்னொரு தசை இருக்கிறது. மருந்து அதற்குள் கசிந்தால் சிரிப்பு கோணிவிடும். அதனால்தான் வாயோரத்தை ஒட்டிக் குத்தாமல், சற்று வெளியே தள்ளி, தாடை விளிம்பருகில் குத்துகிறார்கள். கோணியதை உடனே நேராக்கும் மாற்று மருந்து கிடையாது. வாரக்கணக்கில் பொறுக்க வேண்டியதுதான். அமெரிக்க அனுமதியில் புருவ நடு, கண்ணோரம், நெற்றி, கழுத்துத் தசை ஆகியவை இருக்கின்றன. வாயோரம் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவர்கள் தம் பொறுப்பில், அனுபவத்தில் செய்வது இது. எனவே செய்பவரின் அனுபவம்தான் எல்லாம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், 'மையஸ்தீனியா' போன்ற தசைபலவீன நோயுள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது ஊசி: தாங்கல் கொடுப்பது

இதற்கு 'ஃபில்லர்' என்று பெயர். ஜல்லி போட்டுத் தாங்கல் கொடுக்கும் வேலை. இன்று அதிகம் பயன்படுவது ஹயலூரானிக் அமிலக் கூழ். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள்தான். 1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம். சீக்கிரம் கரையாமலிருக்க அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கூழாக்கி ஊசியில் அடைக்கிறார்கள்.

நம் சைவக் குடும்பங்களில் எழும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இதைச் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் நுண்ணுயிரை வளர்த்து, நொதிக்கச் செய்து எடுக்கிறார்கள். போடாக்ஸ் மருந்திலோ மனித இரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் என்ற புரதம் சிறிதளவு சேர்ந்திருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நல்லது.

பொம்மைக் கோட்டிலும் வாயோரத்துக்குச் சற்றுக் கீழும் இந்தக் கூழைச் செலுத்தினால் பள்ளம் நிறைந்து ஓரத்துக்குத் தாங்கல் கிடைக்கிறது. பலன் உடனே தெரியும். வீக்கமும் கன்றலும் சில நாளில் வடியும். கூழின் வகையையும் உடல்வாகையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும்.

இதிலுள்ள பெரிய ஆபத்து, கூழ் இரத்தக் குழாய்க்குள் போய்விடுவது. முகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி வாயோரத்துக்கு வெகு அருகில்தான் ஓடுகிறது. அடைப்பு ஏற்பட்டால் தோல் வெளுக்கும், அல்லது நீலம் பூத்து வலை மாதிரித் தெரியும். வலி கடுமையாக இருக்கும். கவனிக்காவிட்டால் அந்த இடத்துத் தோல் அழுகும். மிக அரிதாகப் பார்வையே போனதும் உண்டு. இதற்கு மாற்று மருந்து இருக்கிறது: ஹயலூரானிடேஸ் என்ற நொதி. கண் அறுவை செய்யும் டாக்டர்கள் மரத்துப்போகும் ஊசியோடு சேர்ப்பதும் இதைத்தான். இந்தக் கூழை அது கரைத்துவிடும். ஆனால் மணிக்கணக்கில் தாமதிக்கக் கூடாது. ஆகவே அந்த மருந்து கையிருப்பில் இல்லாத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளவே கூடாது.

கால்சியம் கலந்த ஃபில்லரும் உண்டு. அதை இந்த நொதி கரைக்காது. நம் உடம்பிலிருந்தே கொழுப்பை எடுத்து ஊசியால் செலுத்தும் முறையும் இருக்கிறது. அது எவ்வளவு நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 'ஒரே ஊசி, ஆயுள் முழுக்க' என்று சொல்லிச் சிலிக்கான் திரவம் போட வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளே போனதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

எங்கள் வீட்டில் நடந்தது

மூன்று மாதத்துக்குப் பிறகு நானேதான் பேச்சை எடுத்தேன். முதலில் ஓர் அழகு நிலையத்துக்குப் போனோம். உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடம், இரண்டு ஊசியும் சேர்த்துப் போட்டால் தள்ளுபடி உண்டு என்றார்கள். மருந்துக் குப்பியைக் காட்டச் சொன்னேன். ஏற்கெனவே கலக்கி, சீட்டு ஒட்டாத சிரிஞ்சில் எடுத்துவைத்திருந்ததைக் காட்டினார்கள். டாக்டர் யார் என்றேன். வெள்ளிக்கிழமை வருவார் என்றார்கள். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், இருவரும் எழுந்துவிட்டோம்.

அடுத்துப் பார்த்தது ஒரு தோல் மருத்துவரை. மராட்டியப் பெண்மணி. ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. என் மனைவியை வாயைக் கீழ்நோக்கிக் கோணச் சொல்லி, தாடையில் விரல்வைத்துத் தசையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். கீழே கடைவாய்ப் பற்கள் நான்கு இல்லை. "எவ்வளவு நாளாக?" என்று கேட்டார். எட்டு வருடம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவளுக்கு வாயோரம் வெடித்துப் புண்ணாகும். நாங்கள் வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். "முதலில் பல் டாக்டரிடம் போங்கள் அம்மா. மூன்று மாதம் கழித்து வாருங்கள். அப்போதும் வேண்டுமென்றால் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

கழற்றி மாட்டும் பல் கட்டினோம். பழக ஒரு மாதம் ஆயிற்று. மடிப்பு குறைந்தது, அந்தக் குளிர்காலத்தில் புண் வரவில்லை. முறுக்கைக் கடித்துச் சாப்பிட முடிகிறதே என்று அவளுக்குத் தனி சந்தோஷம். தாழ்வில் பாதியாவது சரியாகியிருக்கும் என்பது என் கணக்கு.

மீதிப் பாதிக்கு, எங்கள் இளைய மகளின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், தளர்த்தும் ஊசியைப் பக்கத்துக்கு 2 யூனிட் போட்டுக்கொண்டாள். என் கண் எதிரே புதுக் குப்பியை உடைத்து, அதன் எண்ணைச் சீட்டில் எழுதினார் டாக்டர். ஒரு வாரம் சூடாக ரசம் குடிக்கும்போது உதட்டோரம் ஒரு சொட்டு வழிந்தது. பிறகு அது சரியாகிவிட்டது. முகம் மாறவில்லை. இளமை திரும்பவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கோபமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். ஃபில்லர் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நான்கு மாதத்தில் ஊசியின் பலன் போய்விட்டது. மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. "பல்லு இருக்கே, போதும்" என்கிறாள். நாளைக்கு வேண்டும் என்றால் அதுவும் அவள் இஷ்டம்.

கேட்க வேண்டியவை

டாக்டரிடம் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

1. என் வாய் தாழ்ந்ததற்குக் காரணம் தசையா, தோலா, பல்லா?

2. ஊசி போடுவது நீங்களா, உதவியாளரா? இந்த இடத்தில் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள்?

3. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி என்ன? குப்பியை என் எதிரில் திறப்பீர்களா? பாட்டுலினம் மருந்து குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டியது.

4. ஃபில்லர் என்றால், கரைக்கும் மருந்து இங்கே இப்போது இருக்கிறதா? இரவில் வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது?

நீங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை நோய், உதட்டோரம் அடிக்கடி வரும் அக்கிக் கொப்புளம், சமீபத்தில் செய்த பல் சிகிச்சை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவது ஊசியைவிட ஆபத்து. செலவு முழுவதும் நம் கையிலிருந்துதான். அழகுக்காகச் செய்வதை மருத்துவக் காப்பீடு ஏற்காது.

"இந்த வயசுல எதுக்கு?" என்று மட்டும் வீட்டில் யாரும் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்காமலிருந்தால் என் மனைவி ஒரு குளிர்காலம் முன்னதாகவே வலியில்லாமல் சாப்பிட்டிருப்பாள்.

சென்ற வாரம் பேத்தி என் மடியில் உட்கார்ந்திருந்தாள். என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "தாத்தா, ஆப்..." என்று தொடங்கினாள். மீதியை நான் கேட்கவில்லை. மறுநாள் காலையே பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.